கம்பனிக்குப் போக நினைக்கும் சட்டத்தரணி முதலில் உறுதி எழுதட்டும்

உயர் நீதிமன்றத்தில் புதிய சட்டத்தரணிகள் சத்தியப்பிரமாணம் செய்யும் ஒவ்வொரு முறையும் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பிரதான வீதியில் பெனர்கள் ஏறிவிடும். கறுப்புக் கோட்டு, பின்னால் ஒரு தராசு, கீழே வாழ்த்தும் நண்பர்களின் பெயர்கள். முன்பெல்லாம் பையன்களின் படங்கள்தான் தொங்கும். இப்போது பெண் பிள்ளைகளின் படங்களும் நிறையவே தொங்குகின்றன. பார்க்கச் சந்தோஷம்தான். அந்தப் பெனர் வெயிலில் வெளிறிப் போவதற்குள் அவர்களில் சிலர் எனக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார்கள்.

"ராத்தா, கொஞ்சக் காலம் புரெக்டிஸ் பண்ணிட்டு, பிறகு கம்பனி, வங்கிப் பக்கம் போகணும். சட்டப் பிரிவுல இல்ல, நிர்வாகத்துல. அதுக்கு இப்ப எந்தத் துறையப் புடிக்கிற?"

என்னிடம் கேட்பதற்குக் காரணம், நான் அந்த வழியில் போனவள் என்பதுதான். மருதமுனையில் தறி வைத்திருந்த ஒருவரின் மகள் நான். கல்முனையில் மூத்த சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் உறுதி எழுதத் தொடங்கி, லீசிங் கம்பனி ஒன்றில் சட்ட அதிகாரியாகி, இன்று கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பிரிவை நடத்துகிறேன். கோட்டு அலுமாரியில் இருக்கிறது. உறவினர் யாராவது வழக்கு என்று வந்தால் உம்மா இன்னும் என் பெயரைத்தான் சொல்வார். நான் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வருடக்கணக்காகிறது என்பதை அவர் நம்புவதில்லை.

பிள்ளைகள் என்னிடம் எதிர்பார்ப்பது "கம்பனிச் சட்டம்" என்ற பதிலை. கொழும்பில் பெரிய சட்ட நிறுவனமொன்றில் சேர்ந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது வேறு. மூன்று நான்கு வருடம் கல்முனையிலேயே இருந்து உறுதி எழுதுங்கள். அதிலும் ஈட்டு உறுதியாகத் தேடிப் பிடித்து எழுதுங்கள். இதைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றுவிடும். "நொத்தாரிசு வேலையா ராத்தா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். குரலில் இருந்த ஏமாற்றத்தை மறைக்க அவள் முயலவுமில்லை.

அந்த ஏமாற்றத்துக்குப் பழைய வேர் உண்டு. ஒரு காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரண்டு வகுப்பார் இருந்தார்கள். அப்புக்காத்து நீதிமன்றத்தில் பேசுவார். பிறக்கிராசி கடதாசி வேலை பார்ப்பார், உறுதி எழுதுவார். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கி, எல்லோரும் சட்டத்தரணி என்றது. ஆனால் மரியாதையில் இருந்த மேல் கீழ் போகவில்லை. எங்கள் கரையில் இன்றும் "அவர் நல்லா வழக்குப் பேசுவார்" என்பது பாராட்டு. "அவர் உறுதி எழுதுறவர்" என்பது வெறும் தகவல்.

இன்னொரு காரணம் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப். சம்மாந்துறையில் 1948இல் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, சட்டத்தரணியாகி, 1981இல் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கி, 1994இல் துறைமுகங்களுக்கான அமைச்சரானவர். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்ததும், அங்கே துறைமுகம் என்ற எண்ணம் வந்ததும் அவரால். 2000 செப்டெம்பரில் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் மறைந்தபோது ஊரே கடையடைத்து அழுதது. அவருக்குப் பிறகு வந்த தலைமுறைக்குக் கறுப்புக் கோட்டு என்றால் நீதிமன்றம், அதற்கடுத்த படி பாராளுமன்றம், அல்லது குறைந்தபட்சம் மாநகர சபை. அந்த வரிசையில் அரிசி ஆலைக்கோ வங்கிக்கோ இடமில்லை. சட்டம் படித்த ஒருவர் கடன் குழுவில் உட்கார்ந்தால், "பாவம், புரெக்டிஸ் சரிவரல்ல போல" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள்.

சரி, ஏன் உறுதி?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காணியை விற்பதானாலும், நன்கொடையாகக் கொடுப்பதானாலும், ஈடு வைப்பதானாலும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். காணி சம்பந்தப்பட்ட பணம் எல்லாம் அந்த மேசையைக் கடந்துதான் போகும். நீதிமன்றத்துக்கு வருவது முறிந்துபோன வியாபாரம். நொத்தாரிசிடம் வருவது தொடங்கப் போகிற வியாபாரம். ஆலை போடப் போகிறவர், கடை விரிக்கப் போகிறவர், மகனைக் கட்டாருக்கு அனுப்பப் போகிறவர், மகளுக்கு வீடு கட்டப் போகிறவர், எல்லோரும் தங்கள் திட்டத்தை முதலில் விரித்துச் சொல்வது அவரிடம்தான். சண்டை வந்த பிறகு வருகிறவர் எதிராளியைப் பற்றிப் பேசுவார். சண்டை வருவதற்கு முன்னால் வருகிறவர் தன் கணக்கைப் பற்றிப் பேசுவார். இரண்டாவது பேச்சை வருடக்கணக்கில் கேட்டவருக்கு வியாபாரம் விளங்கும்.

எங்கள் கரையில் இது இன்னும் கூர்மையாக இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே: வீடு பெண்ணுக்கு. நிக்காஹ்வுக்கு முன்னால் வாப்பா ஒரு வளவில் வீடு கட்டி, மகள் பெயருக்கு நன்கொடை உறுதி முடிப்பார். சிலர் தங்களுக்குச் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு முடிப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அவர் பஸாரில் கடை வைத்திருப்பார், மாதம் இலட்சக்கணக்கில் புரட்டுவார். வங்கி "ஈடு என்ன?" என்று கேட்டால் சொல்வார்: "என்ட பேர்ல ஒண்டும் இல்ல, எல்லாம் பொஞ்சாதிட பேர்லதான்." கடன் கேட்பவர் ஒருவர், சொத்துக்காரி இன்னொருவர். நாட்டின் மற்றப் பகுதிகளில் எப்போதாவது வருகிற இந்த நிலை கல்முனையில் அன்றாடம்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குப் பராட்டே உரிமையைக் கொடுத்தது. கடன் கட்டாவிட்டால், நீதிமன்றம் போகாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். சரியாகச் சொன்னால், கடன் வாங்கியவரின் சொத்தை. மூன்றாம் ஆள் ஒருவர் தன் சொத்தை இன்னொருவரின் கடனுக்காக ஈடு வைத்திருந்தால்? ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன் ராமச்சந்திரா எதிர் ஹட்டன் நஷனல் வங்கி வழக்கில், அந்தச் சொத்து மீது பராட்டே செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தார்கள். கொழும்பில் அதை ஒரு சட்டப் பிரச்சினையாக வாசித்தார்கள். கல்முனையில் அது ஆயிரக்கணக்கான சீதன வீடுகளின் பிரச்சினை. மனைவி யார், மூன்றாம் ஆளா?

அதற்குப் பிறகு என் மேசையில் நான் பார்த்த மாற்றம் இது: மனைவியையும் கடன் வாங்குகிறவராகவே கையொப்பமிடச் சொன்னார்கள். தாளில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவுதான். ஆனால் அதுவரை வீட்டை மட்டும் பணயம் வைத்திருந்தவள், அந்தக் கையொப்பத்தோடு முழுக் கடனுக்கும் ஆளானாள். வீடு போய்ப் பாக்கி மிஞ்சினால் அந்தப் பாக்கியும் அவளுடையது. ஒரு நாள் ஒருவர் மனைவியோடு வந்து, "எங்க ஒப்பம் வைக்கிற எண்டு காட்டுங்க மகள், அவ வைப்பா" என்றார். அந்தப் பெண் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. "இது என்ட ஊடு. வாப்பா தந்தது. இதுல என்ன எழுதிரிக்கி எண்டு முதல்ல வாசிங்க" என்றார். வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவர் கணவரிடம் கேட்ட கேள்விகளை நான் பிற்காலத்தில் எந்தக் கடன் குழுவிலும் கேட்டதில்லை: கடையில் கடனுக்குப் போன சாமானுக்கு எவ்வளவு வரணும்? அதுல எவ்வளவு வராது? போன நோன்புப் பெருநாளுக்கு வாங்கின துணி இன்னும் எத்தனை கட்டு கிடக்கு? அந்தப் பெண் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடன் தொகை அன்றைக்கே பாதியாகக் குறைந்தது.

நான் வியாபாரம் கற்றது அந்த மாதிரி மேசைகளில்தான். சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரக்கூடிய விடயமும் அல்ல.

சுனாமியும் ஒரு பாடம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் உறுதியைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் பிரதி கேட்டு வந்தார்கள். நொத்தாரிசின் கோவையிலும் காணிப் பதிவகத்திலும் இருந்த பிரதிகள்தான் அவர்களுடைய வளவுக்குச் சாட்சி. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு கோடு கீறியபோது, அந்தக் கோட்டுக்குள் இருந்த வளவுகளை ஈடாக எடுக்க ஆளில்லை. உறுதி அதே உறுதி, எல்லை அதே எல்லை. பெறுமதி மட்டும் ஒரு சுற்றறிக்கையோடு போய்விட்டது. உரித்து வேறு, பெறுமதி வேறு என்பதை நான் அந்த மாதங்களில் பார்த்தேன்.

நொத்தாரிசாக இருந்தாலே போதும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர்களில் உறுதி எழுதும் முறையைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். பழைய உறுதியை எடுத்துப் பெயரையும் எல்லையையும் மாற்றி, முத்திரை ஒட்டி, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பிரதிகளைப் பதிவகத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இருபது வருடம் எழுதினாலும் ஒன்றும் வராது. வருமானம் வரும், அது வேறு. நான் சொல்வது, ஈட்டு உறுதி எழுத வருகிறவரிடம் "இந்தக் காசு என்ன செய்யப் போகுது, எப்ப திரும்பி வரும்?" என்று கேட்கிற சட்டத்தரணியை. அவர் கேட்கக் கடமைப்பட்டவர் அல்ல. கேட்டால் சொல்வார்கள்.

சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ ஒரு அரிசி ஆலைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போக அறுவடை வந்தால் சில வாரங்களுக்குள் நெல்லை வாங்கிக் களஞ்சியத்தை நிரப்ப வேண்டும். அரிசியாக விற்றுக் காசாவது மாதக் கணக்கில். அவருக்கு வேண்டியது அறுவடைக்கு வந்து, விற்க விற்கக் கரைந்து போகிற கடன். ஆனால் வங்கியில் கிடைத்தது, வீட்டு ஈட்டின் மேல் ஐந்து வருடத் தவணைக் கடன். அந்தக் காசில் நெல்லை வாங்குவார். மாதத் தவணையும் ஓடும். சிறுபோகம் வரும்போது கையில் காசிருக்காது. மறுபடி வட்டிக்கு வாங்குவார். உறுதியில் ஒரு பிழையும் இல்லை. வழக்கு வந்தால் வங்கிதான் வெல்லும். ஆனால் அந்தக் கடன் பிறக்கும்போதே நோயாளி. இதைக் கையொப்பத்துக்கு முன்னால் கண்டுபிடிக்கிற சட்டத்தரணியை எந்த வங்கியும் சட்டப் பிரிவில் விட்டு வைக்காது, கடன் பிரிவுக்கு இழுத்துக்கொள்ளும்.

மற்றத் துறைகளைப் பற்றியும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன்.

குற்றவியல் வழக்கு மனிதரைப் படிக்கக் கற்றுத் தரும். கம்பனிக்கு நேரான வழி அல்ல. வழக்குப் பேசுகிறவரும் கம்பனி நடத்தலாம் என்று வ.உ.சி.யைக் காட்டி என்னோடு வாதிட்ட பையன் ஒருவர் உண்டு. நல்ல உதாரணம்தான்: ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாகத் தொடங்கியவர், 1906 ஒக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் எங்கள் கொழும்புக்கும் இடையில் கப்பல் விட்டார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதில் 8,000 பங்குகளை ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற ஒரே வியாபாரி 2 இலட்சம் கொடுத்து வாங்கினார். சங்கத்தின் செயலாளரும் அவர்தான், வக்கீலான வ.உ.சி. உதவிச் செயலாளர். அந்த வரிசையைக் கவனியுங்கள் என்றேன் அந்தப் பையனிடம். பிரிட்டிஷ் கம்பனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். 1911க்குள் சங்கம் முடிந்தது. ஆட்சியின் கொடுமை பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் கட்டணப் போட்டியை எத்தனை மாதம் தாங்கலாம் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு. அதைப் பக்கீர் சேட் போன்றவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தொழிற் சட்டம் நல்ல துறை. எங்கள் பக்கத்தில் ஆளே இல்லாத துறை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஒருவரைக் குறைக்க முடியாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். அதனால் 14 பேரோடு நின்றுவிட்டு, வளர வேண்டிய தொழிலை வளர விடாமல் வைத்திருக்கும் முதலாளிமாரை நான் அறிவேன். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். இதையெல்லாம் சம்பளக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் ஆலையின் செலவை உள்ளே இருந்து பார்க்கிறார். அவரிடம் ஒரு நாள் ஆலையையே கொடுப்பார்கள்.

வரிச் சட்டத்தைப் பற்றி இந்தியாவின் நானி பல்கிவாலாவைச் சொன்னால் போதும். 1950இல் வருமான வரி பற்றி காங்காவோடு சேர்ந்து எழுதிய நூலால் பேர் வாங்கியவர், பிறகு டாட்டா குழுமத்தில் நுழைந்து ஏசிசி சிமெந்துக் கம்பனியின் தலைவராகவும் டிசிஎஸ் தலைவராகவும் இருந்தார். கோல்ட்மன் சாக்ஸை நடத்திய லொயிட் பிளாங்க்ஃபைன் கூட வரிச் சட்டத்தரணியாகத் தொடங்கியவர்தான். எங்கள் ஊரில் 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாகி, வருடம் 6 கோடி ரூபாய் புரள்கிறவர்கள் எல்லோரும் வலைக்குள் வந்தபோது, பஸாரில் ஆலோசனை கேட்க ஆள் தேடினார்கள். கணக்காளர்கள் இருந்தார்கள். வரி தெரிந்த சட்டத்தரணியை விரல் விட்டு எண்ணலாம்.

கொழும்புப் பெரிய நிறுவனங்களில் கம்பனிச் சட்டம் பழகுவதை நான் குறைத்துப் பேசவில்லை. கனக ஈஸ்வரன் போன்ற ஒரு தமிழரின் உழைப்பு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இருக்கிறது. ஒரே பங்குதாரரோடு கம்பனி தொடங்கலாம் என்றதும், இலாபம் பங்கிடுவதற்கு முன் கடன் தீர்க்க வலு இருக்கிறதா என்று பணிப்பாளர்கள் பார்க்க வேண்டும் என்றதும் அந்தச் சட்டம்தான். அதைப் பழகுங்கள். எனக்குள்ள ஒரே தயக்கம், பெரிய இடத்தில் சேரும் இளையவருக்கு ஒப்பந்தத்தின் ஒரு மூலைதான் கிடைக்கும். இரண்டு வருடம் இரகசியக் காப்பு வாசகத்தையே திருத்திக் கொண்டிருப்பார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்க மாட்டார். கல்முனையில் முதல் வாரமே ஆலைக்காரர் உங்களுக்கு முன்னால் இருப்பார்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கிற மனிதர் ஒருவர் இருக்கிறார், அவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேர்க் மருந்துக் கம்பனியின் தலைவராக 2011 முதல் 2021 வரை இருந்த கென் ஃப்ரேசியர். அவர் உறுதிக்காரர் அல்ல, வழக்குப் பேசுகிறவர். வயோக்ஸ் மாத்திரையால் மாரடைப்பு வந்ததாக ஆயிரக்கணக்கானோர் தொடுத்த வழக்குகளைக் கம்பனியின் சட்டத் தலைவராக இருந்து நடத்தியவர். 2007இல் அவை 485 கோடி டொலருக்குத் தீர்ந்தன. வழக்கறிஞர் பாதையில் தலைவர் நாற்காலிக்குப் போகலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் நடுவில் நடந்ததைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சட்டத் தலைவர் நாற்காலியிலிருந்து அவர் நேரே கம்பனித் தலைவராகவில்லை. மருந்து விற்கும் பெரிய பிரிவின் பொறுப்பை எடுத்தார். விற்பனை இலக்கு அவர் தலையில் ஏறியது. அதற்குப் பிறகுதான் மற்றது.

ஆகவே துறையைத் தெரிந்தெடுப்பது பாதிதான். மீதிப் பாதி, உள்ளே போன பிறகு எப்போது இலக்கைக் கேட்டு வாங்குவது என்பது. சட்ட அதிகாரியின் மேசைக்கு இலக்கு கிடையாது. அதனால்தான் அந்த மேசை சுகம், அதனால்தான் அதில் இருந்து எழும்புவது கஷ்டம். நான் எழும்பியது நிலுவைக் கடன்களைக் கேட்டு வாங்கி. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தில் அம்பாறை வயல்களில் விளைச்சல் விழுந்தது. அதன் மேல் 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. உழவு இயந்திரத்துக்கும் முச்சக்கரவண்டிக்கும் லீசிங் எடுத்தவர்களின் தவணைகள் வரிசையாக நின்றன. சட்டப் பிரிவில் இருந்தால் நான் செய்திருக்கக் கூடியது ஒன்றுதான்: கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பிறகு வாகனத்தைப் பிடிப்பது. பிடித்த வாகனங்கள் முற்றத்தில் நிற்கும், வாங்க ஆளிருக்காது.

கிழக்குப் பிராந்திய நிலுவையை என்னிடம் தாருங்கள் என்றேன். கொடுத்தார்கள், யாரும் விரும்பிக் கேட்காத வேலை அது. உழவு இயந்திரம் வைத்திருப்பவருக்கு மாதா மாதம் வருமானம் இல்லை. உழவுக்கும் அறுவடைக்கும்தான் காசு. அவருக்கு மாதத் தவணை போட்ட ஒப்பந்தமே முதலில் பிழை. பெரும்போகம் முடிந்து ஒரு பெரிய தவணை, சிறுபோகம் முடிந்து ஒன்று, நடுவில் சின்னத் தொகை என்று ஒப்பந்தங்களைத் திருத்தி எழுதினோம். போடியார்மாரிடமும் வட்டைக்காரரிடமும் போய்ப் பேசியது கைகொடுத்தது. இதில் சட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால், திருத்திய ஒப்பந்தம் பழைய ஈட்டையும் பிணையாளரையும் விடுவிக்காமல் எழுதத் தெரிந்த இடத்தில் இருந்தது. அது என் நொத்தாரிசு மேசைப் பழக்கம்.

2024இல் பராட்டே உரிமையை அரசு தற்காலிகமாக நிறுத்தியபோதும் இதையேதான் பார்த்தேன். ஏலத்தை மட்டுமே நம்பியிருந்த கடன் அதிகாரிகள் கையைப் பிசைந்தார்கள். கடன்காரரின் போகத்தையும் பெருநாளையும் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு வேலை நடந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது: இஸ்லாமிய நிதி. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையாக அந்த முறையில் இயங்கும் முதல் வர்த்தக வங்கியாகத் தொடங்கியது. வேறு வங்கிகளிலும் தனிப் பிரிவுகள் உண்டு. இதை மௌலவிமாரின் துறை என்று நினைத்து ஒதுங்காதீர்கள். முறாபஹாவில் வங்கி பொருளை முதலில் தான் வாங்க வேண்டும், பிறகுதான் இலாபம் வைத்து விற்கலாம். அப்படியானால் பொருள் எந்த நிமிடத்தில் வங்கியுடையது? லொறியில் வரும்போது நெல் நனைந்தால் நட்டம் யாருக்கு? இதற்குப் பதில் எழுத, உரிமை எப்போது கைமாறுகிறது என்ற சட்டமும் வேண்டும், விலைச்சிட்டையும் கிட்டங்கியும் எப்படி ஓடுகின்றன என்ற பழக்கமும் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதியாக ஓர் ஆண்தான் இருக்க முடியும். எவ்வளவு படித்தாலும் உங்களுக்கு அந்த நாற்காலி இல்லை. சட்டத்தரணியாக அங்கே தோன்றவும் இடமில்லை. மாற்ற வேண்டும் என்று பேசிக் கொண்டிருக்கிறார்கள், பேசட்டும். கடன் குழுவில் உங்களுக்கு நாற்காலி உண்டு. அங்கே உட்கார்ந்து, சீதன வீட்டின் உரிமைக்காரி விளங்கித்தான் கையொப்பமிட்டாளா என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், அது பல குடும்பங்களின் கூரையைக் காக்கும்.

மொழி பற்றிய கேள்வி வரும். சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. எனக்கு மகிழ்ச்சியே. தமிழில் படித்துத் தமிழில் சட்டத்தரணியாகலாம். ஆனால் கம்பனியின் ஒப்பந்தமும் பணிப்பாளர் சபைக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான் வரும். அம்பாறைக் கச்சேரியில் சிங்களத்தில்தான் பேச வேண்டி வரும். பரீட்சையில் விட்ட சலுகையைப் பிழைப்பில் யாரும் விடமாட்டார்கள்.

கல்முனையின் மூத்த சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் பழக வரும் இளையவர்களைக் கோப்புச் சுமக்கவும் தவணை எடுக்கவும் மட்டும் வைத்திருக்கிறீர்கள். அதில் இரண்டு மாதத்தையாவது, உங்கள் வாடிக்கையாளரான ஆலைக்காரரின் கணக்கு அறையிலோ பஸாரில் ஒரு மொத்தக் கடையிலோ கழிக்க விடுங்கள். கொப்பி புரட்டட்டும், கடனுக்குப் போன சாமான் பட்டியலை எழுதட்டும். சம்பளம் கொடுக்கச் சொல்லவில்லை, அனுமதி கொடுத்தால் போதும்.

தொலைபேசியில் கேட்கிற பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொல்வது: கம்பனிக்குப் போகும் நாளில் நொத்தாரிசு ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். நான் இன்றும் புதுப்பிக்கிறேன். என் கீழே வேலை செய்கிறவர்கள் ஏனென்று கேட்பார்கள். ஈட்டு உறுதி ஒன்று என் முன்னால் வரும்போது, அதை வாசிக்கத் தெரிந்தவள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். போன வாரம் வந்த ஒரு கோப்பில் சீவிய உரித்து விடுபட்டிருந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.